ராத்திரி நெய்த முழம்

பட்டுப்புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் வேலையில் இருந்தவர்களுக்கு, எந்த முழம் பகலில் நெய்தது, எந்த முழம் ராத்திரியில் நெய்தது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். பகலில் நெய்த இடத்தில் தட்டு சீராக விழுந்திருக்கும், கரையும் உடலும் சேரும் கோர்வை நேர்கோடாக ஓடும். தூக்கம் கண்ணை இழுக்கும் நேரத்தில் நெய்த இடத்தில் தட்டு ஒரு விரற்கடை அழுத்தமாகவும் அடுத்த விரற்கடை தளர்ந்தும் இருக்கும், அறுந்த பாவு இழை கவனிக்கப்படாமல் நீளக் கோடாக விட்டுப்போயிருக்கும். முதலில் குழித்தறியில் உட்கார்ந்தும், பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் புடவையை விரித்துத் தரம் பார்த்தும் காஞ்சிபுரத்திலேயே பிழைத்தவன் நான். இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரிகை, சாயம், கூலி, விசைத்தறி என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். நெசவாளரின் தூக்கத்தைப் பற்றிப் பேசிக் கேட்பது அரிது. யாராவது பேசினாலும், நேரத்துக்குப் படுங்கள் என்ற புத்திமதியோடு நின்றுவிடுகிறது. அந்தப் புத்திமதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், புடவையை எந்தத் தேதிக்குக் கேட்கிறார்கள் என்பவைதான் நெசவாளர் எத்தனை மணி நேரம் தூங்குவார் என்பதை முடிவு செய்கின்றன. தூக்கக்கேட்டைத் தடுக்க நினைப்பவர்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பெரியவர்களும் விடியுமுன் எழுந்து தறியில் உட்கார்ந்தவர்கள்தானே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. விடியுமுன் எழுந்தார்கள், உண்மை. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும் என்பதால் காஞ்சிபுரத்தில் நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்கள் இருட்டிலேயே விழித்துக்கொண்டன. ஆனால் அதே தெருக்கள் முன்னிரவிலேயே அடங்கியும் போயின. மண்ணெண்ணெய் விளக்கில் பட்டு இழையைத் துல்லியமாகப் பார்க்க முடியாது, புகை பட்டால் வெளிர் நிறப் பாவு கெட்டுவிடும் என்ற அச்சமும் இருந்தது. மின்விளக்கு வந்த பிறகு அந்த வரம்பு போய்விட்டது. முதலில் ஒற்றைக் குண்டு பல்பு, அப்புறம் டியூப்லைட், இப்போது தறிக்கு மேலேயே எல்இடி. கைத்தறி நெசவாளருக்குத் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கொடுத்தது. 2016இல் அது 200 ஆனது, 2023இல் 300 ஆனது. வறுமையில் உழலும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி விளக்கு எரிப்பதற்குச் செலவு ஆகிறதே என்று தறியை விட்டு எழுந்த காலமும் அதோடு முடிந்தது. சீக்கிரம் எழுந்த பெரியவர்களைச் சொல்லிக்காட்டுகிறவர்கள், அவர்கள் படுத்த நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராத்திரி நெசவு வருடம் முழுவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அது முகூர்த்தத்தைப் பார்த்து வருகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான புடவை ஆடியில்தான் தறியில் இருக்கும். அதை அடுத்துத் தீபாவளி, பிறகு தை. இதில் தீபாவளிதான் மிகவும் மோசம், அதற்குக் காரணம் கடைக்காரர்களின் அவசரம் மட்டும் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. மழை நாளில் தெருவில் பாவு நீட்ட முடியாது. காற்றில் ஈரம் ஏறினால் கஞ்சி காயாது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். தாழ்வான வீடுகளில் குழிக்குள்ளேயே தண்ணீர் ஊறிவிடும், கால் வைத்து மிதிக்க முடியாது. ஆக, ஆர்டர் அதிகமாக இருக்கும் அதே மாதத்தில் பகல் பொழுது குறைந்துபோகிறது. தேதி மட்டும் தள்ளிப்போவதில்லை. போன பகலை ராத்திரியில் ஈடுகட்டுகிறார்கள். இப்படிப் பல நாள் தொடர்ந்த வீட்டில் தீபாவளி அன்று புதுத்துணி உடுத்திக்கொண்டு மத்தியானம் வரை தூங்குகிறவர்களைப் பார்க்கலாம். பழைய வழக்கத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. நெசவாளர் தெருக்களில் அமாவாசை அன்று தறி ஓடாது. அது சாஸ்திரம் என்று சொல்லப்பட்டாலும், மாதத்தில் ஒரு நாள் உடம்பு கட்டாயமாக ஓய்ந்தது. அவசரக் காலத்தில் அந்த அமாவாசையும் இப்போது நழுவிக்கொண்டிருக்கிறது.

ராத்திரி இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை மிச்சம் என்று ஒரு கணக்குப் போடுகிறோம். கோர்வைப் புடவையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. கோர்வையில் குறுக்கிழையான ஊடையை ஓட்டும் நாடா கரைக்குத் தனி, உடலுக்குத் தனி. ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிற ஊடையும் சரியான இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஓட்டத்தில் பிடிப்பு விட்டால் அந்த இடத்தில் சன்னமான பிளவு விழும். கட்டும்போது இழுபடும் இடம் அதுதான், அங்கிருந்துதான் புடவை கிழியத் தொடங்கும். உடலுக்கும் முந்திக்கும் பாவு நிறத்தையே மாற்றி இழைக்கு இழை இணைக்கும் பெட்னி வேலை இன்னும் நுட்பமானது. இதில் தவறினால் நெய்ததைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது நெய்வதைவிட மெதுவான வேலை. பிரித்த பட்டு இழையில் மயிர் எழும்பும், சரிகையின் மேற்பூச்சு உரசிப் பளபளப்பு குன்றும். பிரிக்காமல் விட்டால் சங்கத்திலோ முதலாளி வீட்டிலோ கூலியில் பிடித்தம் விழும். ஊடை சுற்றிய கருநீலத் தாரும் கருப்புத் தாரும் ராத்திரி விளக்கில் ஒன்று போலத் தெரிந்து, ஒரு சாண் நெய்த பிறகு காலையில் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. இத்தனை ஆண்டு புடவை பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது, தூக்கக் கலக்கத்தில் சம்பாதித்த நேரத்தில் நல்லதொரு பங்கு மறுநாள் பகலிலேயே கரைந்துவிடுகிறது என்பதுதான்.

எனக்கு ஐந்து மணி நேரத் தூக்கம் போதும், பழகிவிட்டது என்பார்கள். இந்தப் பதிலை எங்கள் தெருக்களில் மிகுதியாகக் கேட்கலாம், சொல்கிறவர்கள் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. 2003இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைத் தொடர்ந்து 14 நாள் தினம் 6 மணி நேரம் மட்டுமே தூங்கவைத்துக் கவனத்தைச் சோதித்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், இரண்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் தாங்கள் அவ்வளவு தளர்ந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. முதல் சில நாள் தூக்கம் வருவதுபோல் இருந்தது, பிறகு அந்த உணர்வு அப்படியே நின்றுவிட்டது, பிழைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. தறியில் நடப்பதும் இதுதான். 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த இன்னொரு சோதனையில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களின் அளவுக்குத் தடுமாறியது. காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 10 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. குடித்துவிட்டு வந்தவரைக் கோர்வைப் புடவையில் உட்கார யாரும் விடமாட்டார்கள். பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவரைச் சுறுசுறுப்பானவர் என்று மெச்சுகிறோம்.

உடம்புக்கு வருவது மெதுவாக வருகிறது, அதனால் காரணத்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை. நெசவாளர் தெருக்களில் சர்க்கரை நோய் என்றால் உட்கார்ந்தே வேலை செய்வதையும் சோற்றையும் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் 1999இல் சிகாகோவில் திடமான இளைஞர்களை ஆறு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோதே, அவர்களுடைய உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. நோய் இல்லாத இளைஞருக்கு ஆறு நாளில் இது நடந்தால், நாற்பது வயதைத் தாண்டியவர் ஒரு முகூர்த்தக் காலம் முழுவதும் இப்படி இருப்பதன் விளைவை யோசித்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், எரிச்சல், மறதி எல்லாம் இதோடு வருகின்றன. வீட்டில் நடக்கும் வீண் சண்டைகளில் எத்தனை வெறும் தூக்கமின்மையால் வந்தவை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

தூக்கத்தை அதிகம் இழக்கிறவர் தறியில் உட்கார்ந்திருக்கும் ஆண் என்று நினைத்தால் அதுவும் தவறு. நெசவாளர் குடும்பத்தில் தார் சுற்றுவது, இழை பிரிப்பது, கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது, புடவைக் கூலிக்குள் அது மறைந்துவிடுகிறது. கணவர் பதினொரு மணிக்குத் தறியை விட்டு எழுந்தால் மனைவியும் பதினொரு மணிக்குத்தான் எழுகிறார். ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், வாசல் தெளிக்கும் நேரம் எதுவும் அவருக்காகத் தள்ளிப்போவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்து இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளிகளும், பல அமைப்புகளின் உழைப்பும் அதைப் பெருமளவு மாற்றின. 2016இல் செய்த திருத்தம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றாலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வழி விட்டது. பள்ளி நேரம் போக மிஞ்சுவது சாயங்காலமும் ராத்திரியும்தானே. அதனால் 2017 விதிகள், மாலை 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை பிள்ளையை அந்த உதவிக்கும் வைக்கக் கூடாது என்று சொல்கின்றன. இந்த ஒரு விதியை ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் எழுதிவைக்கலாம். பிள்ளையின் தூக்கத்தை நேரம் குறித்துக் காக்கும் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது.

நெசவாளர் சுதந்திரமானவர், வீட்டிலேயே தறி, யாரும் மணி அடித்துக் கூப்பிடுவதில்லை, தூங்க வேண்டும் என்றால் தூங்கலாமே என்பது இன்னொரு வாதம். எப்போது உட்காரலாம் என்பதில் அவருக்குச் சுதந்திரம் உண்டு. எவ்வளவு முடிக்க வேண்டும் என்பதில் இல்லை. கூலி புடவைக்கு. முன்பணம் வாங்கியிருக்கிறார், அது ஒவ்வொரு புடவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. புடவை தாமதமானால் அடுத்த பாவு தாமதமாகும், அடுத்த கூலியும் தள்ளிப்போகும். அவர் தனக்குத் தானே மேஸ்திரியாகி, எந்த மேஸ்திரியும் கேட்கத் துணியாத நேரத்தில் தன்னை வேலை வாங்குகிறார். இதற்கு எதிர்ப் பக்கமும் 2020 ஊரடங்கில் தெரிந்தது. ஆர்டர் நின்றது, பாவு கிடைக்கவில்லை, தூங்குவதற்கு நேரம் வேண்டிய மட்டும் இருந்தது. அப்போதும் தெருவில் தூக்கம் வராதவர்கள் நிறைய. கடன் கழியும் வழி அடைபட்டால் படுக்கையிலும் கண் மூடாது. வருமானம் நிச்சயமாக இருந்தால்தான் மற்ற யோசனைகளுக்கு வேலை.

நெசவாளர் தூங்கட்டும் என்று தேதியைத் தளர்த்திக்கொண்டே போனால் விசைத்தறிக்காரன் மொத்த வியாபாரத்தையும் கொண்டுபோய்விடுவான் என்று வியாபாரிகள் சொல்வார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும், கைத்தறியின் பெயரில் விசைத்தறிப் புடவை விற்பது நிற்கவில்லை. ஆனால் வேகத்தில் விசைத்தறியோடு போட்டியிட்டு எந்தக் கைத்தறியும் ஜெயித்ததில்லை, ஜெயிக்கப் போவதும் இல்லை. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எதற்காக? கோர்வையும் பெட்னியும் கையால் வருகின்றன, புடவை தலைமுறை தாண்டி நிற்கிறது என்பதற்காக. களைத்த கை நெய்வது அந்தத் தனித்தன்மை இல்லாத புடவை. அதை வாங்கி ஏமாந்தவர் அடுத்த கல்யாணத்துக்கு விசைத்தறிப் புடவையே போதும் என்று முடிவெடுத்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு வழி இல்லை.

இது கோயில் ஊர், கண் விழிப்பது எங்களுக்குப் புதிதா என்ற கேள்வியையும் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருடசேவைக்கு ஊரே விடியுமுன் வீதியில் நிற்கும். சிவராத்திரிக்கு நான்கு காலமும் விழிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த விழிப்புக்கு முடிவு தெரியும், மறுநாள் தறி ஓடாது, வீட்டார் தூங்கவிடுவார்கள். ஒரு ராத்திரி போன தூக்கத்தை உடம்பு இரண்டு மூன்று நாளில் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் தினம் இரண்டு மணி நேரம் போவதற்கு அப்படி ஈடு கிடைப்பதில்லை. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் வைபவம் நடந்தபோது, தரிசனத்துக்கு வந்தவர்கள் ஒரு நாள் விழித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். துப்புரவுத் தொழிலாளிகளும் காவலர்களும் ஆட்டோக்காரர்களும் 48 நாளும் இங்கேயேதான் இருந்தார்கள். பக்தியின் விழிப்பும் பிழைப்பின் விழிப்பும் ஒன்றல்ல.

தறியை விட்டால் தூக்கம் கிடைக்கும் என்று நம்பித்தான் அடுத்த தலைமுறை போயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் அது மூடியது. ஃபாக்ஸ்கான், ஒரகடத்துத் தொழிற்சாலைகள் என்று வரிசையாக வந்தன. மாதச் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ். தறியில் இவை எதுவும் இல்லை, போனவர்கள் போனது நியாயம். ஆனால் அங்கே ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. உடம்புக்குள் உள்ள கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் ஒரு வாரத்தில் புது நேரத்துக்கு முழுமையாகத் திரும்பாது, திரும்பத் தொடங்கும்போது ஷிப்ட் மாறிவிடும். ராத்திரி ஷிப்ட் வேலை புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது, 2019இல் அதை மறுபடி உறுதி செய்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. வாரத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே என்று அதை ஆதரித்தவர்கள், போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம் பஸ்ஸில் போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பன்னிரண்டோடு இரண்டைக் கூட்டி, சாப்பாடும் குளியலும் போனால் தூங்க என்ன மிஞ்சும்?

இதில் காஞ்சிபுரத்துக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து மகன் காலையில் வீட்டுக்கு வந்து படுக்கிறான். அதே நேரத்தில்தான் அப்பா தறியில் உட்காருகிறார். தறி இருப்பது கூடத்தில், படுப்பதும் கூடத்தில். பக்கத்து வீட்டிலும் தறி, எதிர் வீட்டிலும் தறி. தகர ஷீட்டுக்குக் கீழே வெயிலும் சத்தமும் சேர்ந்து அவனை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாது. சாயங்காலம் மறுபடி கம்பெனி பஸ். இரண்டு தொழிலும் சேர்ந்தால் வீட்டுக்கு வருமானம் நிலைக்கும், தூக்கம் இரண்டு பேருக்கும் நிலைக்காது. புடவை எடுக்கக் கல்யாண வீட்டாரை வேனில் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிவரும் ஓட்டுநரின் நிலையும் இதேதான். கடைகள் திறக்கும் நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டு, அவர்கள் புடவை பார்க்கும் பகல் முழுவதும் வெயிலில் வண்டிக்குள் புரண்டுவிட்டு, அன்று ராத்திரியே பெங்களூர் சாலையில் திரும்ப ஓட்டுகிறார். அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிக்குள் கண் செருகும் சில நொடியில் வண்டி எத்தனை தூரம் போய்விடும் என்று பயணிகள் யோசிப்பதில்லை. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம்தான் என்றது. நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்குப் புடவைக்குப் புடவை பேரம் பேசுகிறவர்கள், ஓட்டுநர் படுக்க ஓர் அறை எடுத்துக் கொடுத்தால் அந்தச் செலவு ஒரு புடவையின் பேரத்துக்குள் அடங்கிவிடும்.

என்ன செய்யலாம்? முதலில் தேதி. ஐப்பசியில் மழை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தீபாவளி ஆர்டரை ஆடியிலேயே பிரித்துக் கொடுத்து, மழை நாட்களைக் கழித்துத்தான் சங்கமும் கடைகளும் தேதி எழுத வேண்டும். பாவு கொடுக்கும் நாள் தள்ளினால் புடவை வாங்கும் நாளும் அதே அளவு தள்ள வேண்டும். பாவைத் தாமதமாகக் கொடுத்துவிட்டுப் புடவையைப் பழைய தேதிக்கே கேட்பதுதான் ராத்திரி நெசவின் நேரடிக் காரணம். அமாவாசை விடுமுறையைச் சங்கமே அறிவித்துக் காக்கலாம், அன்று புடவை வாங்குவதில்லை என்று வைத்தாலே போதும். தொழிற்சாலைகளில் ஷிப்டைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு ஓரளவு பின்தொடரும், தலைகீழாகச் சுழற்றினால் முடியாது. இதற்குச் செலவே கிடையாது.

வீட்டுக்குள் செய்வது அதற்கு அடுத்தது. ராத்திரி உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்ற நாளில் கோர்வையையும் பெட்னியையும் காலைக்கு வைத்துக்கொண்டு, தார் சுற்றுவது போன்ற தவறினாலும் திருத்தக்கூடிய வேலையை மட்டும் ராத்திரிக்கு விடலாம். மத்தியானம் இருபது நிமிடம் படுப்பதைச் சோம்பல் என்று ஏசுவதை நிறுத்த வேண்டும், அந்த இருபது நிமிடம் சாயங்காலத் தட்டில் தெரியும். ராத்திரி தேநீர் தூக்கத்தைப் போக்குவதில்லை, தள்ளிவைக்கிறது. குடித்த தேநீரில் உள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும், பிறகு படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. ராத்திரி ஷிப்ட் பிள்ளைக்கு ஜன்னலில் கெட்டியான கருப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, முடிந்தால் தறியில்லாத உறவினர் வீட்டில் ஓர் இடம். பலத்த குறட்டையும் பகல் முழுவதும் கண் செருகலும் சேர்ந்து இருந்தால் அது வேலைக் களைப்பு மட்டுமாக இருக்காது, மூச்சுத் தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நெசவாளர்களுக்கு நடக்கும் மருத்துவ முகாம்களில் கண் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்கச் சொல்கிறேன்: ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். ஆணிடமும் பெண்ணிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வரும் பதிலை மாதவாரியாக எழுதி, சங்கம் புடவை கேட்ட தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மாதத்துத் தேதியை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.